பரிசில் வாழ்க்கையில் மனக்குறையும் அதைக் கேட்போரும்: புறநானூற்றுப் பரிசில் பாடல்களையும் ஆற்றுப்படைகளையும் முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

சங்கப் புலவர்களுக்கும் பாணர்களுக்கும் கலையே தொழில். அத்தொழிலில் காத்திருப்பு, புறக்கணிப்பு, தகுதி அறியப்படாமை ஆகிய மனக்குறைகள் இருந்தன. அவற்றின் விளைவாகத் தன்மீதான ஐயமும் எழுந்தது. இக்குறைகளை வெளிப்படுத்தும் பாடல்கள் பெரும்பாலும் வறுமையின் பதிவுகளாக அல்லது புலவர் பெருமிதத்தின் சான்றுகளாக வாசிக்கப்படுகின்றன. அக்குறை யாரிடம் சொல்லப்படுகிறது என்ற வினாவை முன்வைத்து இக்கட்டுரை அப்பாடல்களை மீள வாசிக்கிறது. கேட்பவர் மாறும்போது மனக்குறையின் வடிவமும் மாறுகிறது என்பதையும், இன்னும் தீராத குறையை ஒத்த தொழிலாளரிடம் பகிர்வதற்கு இவ்விலக்கியத்தில் தனித் துறை அமையவில்லை என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச் சொற்கள்: பரிசில் வாழ்க்கை, வரிசை, தன்மீதான ஐயம், ஆற்றுப்படை, தொழில் தோழமை, காணா நட்பு.

முன்னுரை

பணியிடத்தில் ஒருவர் அடையும் மனக்குறைகளில் பெரும்பாலானவை சிறியவை. மேலுள்ளவர் நிமிர்ந்து பாராமல் பதில் சொல்கிறார். தருவதாகச் சொன்னதைத் தள்ளிப்போடுகிறார். உழைத்தவரையும் உழையாதவரையும் ஒரே தட்டில் வைக்கிறார். இவற்றுள் எதுவும் தனியாக நின்று ஒருவரை வீழ்த்திவிடாது. நாள்தோறும் சேரும்போது அவை ‘குறை என்னிடம்தானோ’ என்ற ஐயமாக உருமாறுகின்றன. அந்த ஐயத்தை இறக்கிவைக்க ஒரு செவி தேவைப்படுகிறது. தொழிலின் நெளிவுசுளிவு அறிந்த, ஆனால் தன்மீது அதிகாரம் இல்லாத ஒருவரையே மனம் நாடுகிறது. அவர் நேரில் பாராத நண்பராகவும் இருக்கலாம்.

இந்நிலை இக்காலத்துக்கே உரியதென்று கருதுவதற்கில்லை. பரிசில் வாழ்க்கை என்று குறிக்கப்படும் சங்ககாலக் கலைஞர்தம் வாழ்க்கை, பயிற்சியும் பயணமும் காத்திருப்பும் மதிப்பீடும் கொண்ட ஒரு தொழில் வாழ்க்கையே. உ.வே.சாமிநாதையர் 1894இல் பதிப்பித்த புறநானூற்றின் 400 பாடல்களுள் பரிசில் தொடர்பானவை கணிசமானவை. க.கைலாசபதி 1968இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிய நூலுக்குப் பின்னர், பாணர் மரபைச் சமூக நிறுவனமாகக் காணும் பார்வை வலுப்பெற்றது. ஆயினும், வகுப்பறை உரைகளிலும் மேடைகளிலும் இப்பாடல்கள் இரண்டு பெட்டிகளுக்குள் அடைபட்டுவிடுகின்றன. ஒன்று ‘புலவர் வறுமை’. மற்றொன்று ‘புலவர் பெருமிதம்’. வறுமை என்று கொண்டால் பேசுபவரின் அறிவுக்கூர்மை மறைகிறது. பெருமிதம் என்று கொண்டால் அவருடைய ஐயம் மறைகிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மனநிலையைக் காணக் கேட்பவரைக் கவனிப்பது துணைசெய்யும்.

இங்கு ஒரு வரையறை தேவை. எந்தச் சூழலில், யாரை நோக்கிப் பாடப்பட்டது என்னும் செய்திகளுள் பல, பாடல்களின் அடியில் உள்ள கொளுக்களிலிருந்து பெறப்படுபவை. அவை பிற்காலத் தொகுப்பாளர்களின் குறிப்புகள் என்பதால், பாடலின் உள்ளேயே கேட்பவர் விளிக்கப்படும் இடங்களே இக்கட்டுரையில் முதன்மைச் சான்றாகக் கொள்ளப்படுகின்றன. கொளுக்கள் துணைச் சான்றுகளாகவே ஆளப்படுகின்றன.

வரிசையும் ஐயமும்

பரிசில் வாழ்க்கையின் மையச் சொல் ‘வரிசை’. தகுதியறிந்து, அதற்கேற்பச் சிறப்புச் செய்வதை அது குறிக்கும். கபிலர் மலையமான் திருமுடிக்காரியிடம், கொடுப்பது எளிது என்றும், வருவோரின் வரிசையை அறிவதே அரிது என்றும், புலவரை எல்லாம் ஒருபடித்தாக நோக்கும் பொதுநோக்கைக் கைவிடவேண்டும் என்றும் கூறுகிறார் (புறம். 121). இங்குக் கபிலர் பொருள் கிடைக்கவில்லை என்று வருந்தவில்லை. பொருள் கிடைத்த முறையில் வேறுபாடு இல்லை என்பதே அவர் குறை. எல்லாருக்கும் ஒரே அளவு கொடுக்கும் வள்ளன்மை, கொடுப்பவரின் கையைக் காட்டுகிறதே தவிர, கண்ணைக் காட்டவில்லை.

பெருஞ்சித்திரனார் பாடல் (புறம். 208) இதனை மேலும் கூர்மையாக்குகிறது. குன்றும் மலையும் பல கடந்து வந்தவரை அதியமான் நெடுமான் அஞ்சி நேரில் காணவில்லை. இதைப் பெற்றுக்கொண்டு செல்லட்டும் என்று பரிசிலை மட்டும் அனுப்புகிறான். தன்னை எப்படி அறிந்து அவன் அதைக் கொடுத்தான் என்பது புலவரின் வினா. காணாமல் தரும் பொருளைக் கொள்ளத் தாம் வணிகப் பரிசிலர் அல்லர் என்கிறார். தம் கல்வியின் அளவறிந்து கொடுத்தால் தினையளவாயினும் இனிது என்கிறார். இப்பாடலைப் பெருமிதத்தின் உச்சமாகக் காட்டுவது வழக்கம். ஆனால், ‘என்னை எப்படி அறிந்தான்’ என்ற கேள்விக்குள் ‘நான் அறியத் தக்கவன்தானா’ என்ற ஐயமும் இருக்கிறது. ஐயமற்றவர் பரிசிலை வாங்கிக்கொண்டு நடந்திருப்பார். தகுதிக்குச் சான்று வேண்டியவரே காணப்படவேண்டும் என்று கேட்கிறார்.

ஔவையாரின் வாயிற்பாடலும் (புறம். 206) இதே வினாவைத்தான் எழுப்புகிறது. பரிசில் நீட்டித்த அஞ்சி தன்னை அறியானோ, தம்மை அறியானோ என்று அவர் கேட்கிறார். ஒருவரது உழைப்பு மதிக்கப்படாதபோது இரண்டு விளக்கங்களே எஞ்சுகின்றன: மதிப்பிடுபவர் தம் பொறுப்பை மறந்தார், அல்லது மதிப்பிடப்படுபவரின் தகுதி அவருக்குப் புலப்படவில்லை. இரண்டாவது விளக்கம் சற்றே திரும்பினாலும் தன்மீதான ஐயமாகிவிடும். அது திரும்புமுன், உலகில் அறிவும் புகழும் உடையோர் மாய்ந்துபோகவில்லை என்று ஔவையார் தம் யாழையும் கலப்பையையும் கட்டுகிறார். கோடரியுடன் காட்டுக்குள் செல்லும் தச்சன் மக்களைத் தமக்கு உவமையாக்குகிறார். தொழில் கையில் இருப்பவருக்கு எத்திசையிலும் சோறு உண்டு என்பது அவ்வுவமையின் பொருள். ஐயத்தை அடக்க அவர் நாடியது தம் தொழில்திறனைத்தான்.

இப்பாடலில் விளிக்கப்படுபவன் வாயிற்காவலன் என்பது கவனத்துக்குரியது. அவனும் அதே அரண்மனையில் ஊழியம் செய்பவன். புலவருக்கு எதையும் கொடுக்கவோ மறுக்கவோ அவனுக்கு உரிமை இல்லை. அரசனிடம் நேரே சொல்ல முடியாததை, அரசன் செவிக்கு எட்டும் தொலைவில் உள்ள ஓர் ஊழியனிடம் சொல்வது பணியிடப் பேச்சின் பழகிய வழி.

மேல்நோக்கிய பேச்சு

மனக்குறை புரவலனிடமே சொல்லப்படும்போது அது வாதமாக உருவெடுக்கிறது. ஆவூர் மூலங்கிழார் பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனிடம், இயல்வதைக் கொடுப்பதும் இயலாததை இல்லை என்பதும் ஆகிய இரண்டுமே நல்ல செயல்கள் என்கிறார். இயலாததைத் தருவேன் என்பதும், இயல்வதை இல்லை என்பதும் இரப்பவரை வாட்டும்; கொடுப்பவர் புகழையும் குறைக்கும் (புறம். 196). மறுப்பைக்கூட ஏற்கலாம், இழுத்தடிப்பை ஏற்க முடியாது என்னும் இவ்வேறுபாட்டைக் காத்திருந்து சலித்தவரே வகுத்துக் கூற முடியும். அதன்பின் அவர் தம் மனைவியை நினைத்துப் புறப்படுகிறார்.

பெருங்குன்றூர் கிழார் பாடல்களில் இவ்வாதம் உடைகிறது. சேரமான் குடக்கோ இளஞ்சேரல் இரும்பொறையை நோக்கி, முதல்நாள் கையில் உள்ளதுபோல் காட்டி மறுநாள் பொய்யாக்கினாய், நீ நாணாவிடினும் நாணுமாறு கூறிச் செல்கிறேன் என்கிறார் (புறம். 211). அடுத்து அவர் சொல்வது வீட்டைப் பற்றி: உணவின்றி எலிகள் மடிந்த பழஞ்சுவர், பாலின்மையால் பலமுறை சுவைத்துப் பின் முலையுண்பதையே மறந்த புதல்வன், அவனோடு காத்திருக்கும் மனைவி. வாதம் வீட்டின் காட்சியில் முடிகிறது. மேலுள்ளவரிடம் முறை பேசத் தொடங்கியவர், தம்மை அறியாமல் தம் நாணத்தையும் அவர்முன் திறந்துகாட்ட நேர்கிறது. பதிற்றுப்பத்தின் ஒன்பதாம் பத்து இதே புலவர் இளஞ்சேரல் இரும்பொறையைப் பாடியது. அதற்கு 32,000 காணம் பரிசிலாகக் கிடைத்ததாகப் பதிகம் கூறுகிறது. இருவரும் ஒருவரே எனக் கொண்டால், பின்னர் வந்த பெருங்கொடை முன்னர் நேர்ந்த அவமதிப்பைத் தொகுப்பிலிருந்து அழிக்கவில்லை என்பது தெளிவு. தொகை நூல்களில் இரண்டுமே இடம்பெற்றிருக்கின்றன.

நெஞ்சொடு பேசுதல்

ஔவையார் அதே அஞ்சியின் அதே காலநீட்டிப்பைப் பற்றி இன்னொரு பாடலும் பாடியுள்ளார் (புறம். 101). ஒருநாள், இருநாள் அன்று, பலநாள் பலரொடு சென்றாலும் அவன் முதல்நாள் போன்ற விருப்பினன்; யானை தன் கோட்டிடையே வைத்த கவளம்போல் பரிசில் கைக்கு வந்ததே, அது பொய்க்காது என்கிறார். கேட்பது அவருடைய நெஞ்சு. வருந்தவேண்டாம் என்று அதைத் தேற்றுகிறார். வாயிற்காவலனிடம் சினமாக வெளிப்பட்ட அதே காத்திருப்பு, நெஞ்சிடம் பொறுமையாக வெளிப்படுகிறது. எந்தப் பாடல் முந்தையது என்பதைவிட, ஒரே புலவர் ஒரே குறையைக் கேட்பவருக்கேற்ப இருவிதமாகப் பேசினார் என்பதே முதன்மையானது. பொறுமையை உண்மையெனவும் சினத்தை நாடகமெனவும், அல்லது மாற்றியும் கொள்ளத் தேவையில்லை. இரண்டும் ஒரே மனத்தின் நேர்மையான பேச்சுகள்.

பெருஞ்சித்திரனார் நெஞ்சிடம் பேசுவது தேற்றுவதற்காக அன்று, கிளப்புவதற்காக. இளவெளிமான் சிறிது கொடுப்பக் கொள்ளாது பாடியதாகக் கொளு கூறும் பாடலில், எழுந்து செல்வோம் என்று நெஞ்சை அழைக்கிறார். உள்ளன்பின்றி நோக்குபவரை விரும்புவார் யார், உலகம் பெரிது, பேணுவோர் பலர் என்கிறார் (புறம். 207). கனியாத கனிக்காக வாடிச் சுழலவேண்டாம் என்பது அவர் கருத்து.

அகப்பாடலிலும் இத்தகைய பேச்சு உண்டு. நற்றிணை 284இல் வினைமேற் சென்ற ஒருவன், பாதியில் விட்டுத் தலைவியிடம் செல்லலாம் என்னும் நெஞ்சுக்கும், செய்வினை முடியாமல் திரும்பினால் அறியாமையும் இகழ்ச்சியும் சேரும் என்னும் அறிவுக்கும் இடையே கிடந்து தவிக்கிறான். இரண்டு களிறுகள் பற்றி இழுக்கும் தேய்ந்த பழங்கயிறு அவனுடைய உடலுக்கு உவமை. அவ்வுவமையே புலவருக்குத் தேய்புரிப் பழங்கயிற்றினார் என்ற பெயரைத் தந்தது. வேலையைத் தொடர்வதா விடுவதா என்னும் தடுமாற்றத்தில் நெஞ்சும் அறிவும் இரண்டு நண்பர்களைப்போல் எதிரெதிராக ஆலோசனை சொல்கின்றன. உண்மையான நண்பர் அருகில் இல்லாத இடத்தில் நெஞ்சு அவருடைய இருக்கையில் அமர்கிறது.

வழியிற் கண்ட தோழமை

ஆற்றுப்படை மேலே கண்டவற்றிலிருந்து வேறுபட்ட அமைப்புடையது. கூத்தர், பாணர், பொருநர், விறலியர் ஆகியோருள் பரிசில் பெற்றவர், பெறாதவரை வழியில் கண்டு, தாம் பெற்ற வளத்தை அறிவுறுத்தி, அவரும் சென்று பயன்பெறச் சொல்வது என்று தொல்காப்பியப் புறத்திணையியல் இதை வரையறுக்கிறது. பேசுபவரும் கேட்பவரும் ஒரே தொழிலினர், முன்பின் அறியாதவர்கள்.

இவ்வகையில் சிறுபாணாற்றுப்படையின் அட்டில் காட்சி தனிக் கவனம் பெறவேண்டும். கண் திறவாத குட்டிகள் பாலற்ற முலையைக் கவர்வதைத் தாங்காமல் தாய்நாய் குரைக்கும் அடுக்களை. காளான் பூத்த தரை. குப்பையில் பறித்த வேளைக்கீரை, உப்பின்றி வெந்தது. அறியாதவர் பார்த்துவிடுவாரே என்று நாணிக் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு அதை உண்கிறார்கள். அன்று அடைத்த கதவை, வழியில் கண்ட ஒரு பாணனிடம் இந்தப் பாணன் தானே திறக்கிறான். அக்கம்பக்கத்தாருக்கு மறைத்ததை முன்பின் அறியாத தொழில் தோழனிடம் சொல்ல முடிகிறது. அறியாதவரின் பார்வைக்குத்தான் நாணம். பசியின் வேதனையை அறிந்தவன் பார்வைக்கு அது இல்லை.

புறநானூற்றில் பரணர் பாடிய பேகன் பற்றிய ஆற்றுப்படையும் (புறம். 141) இதே இயல்பினது. நீவிர் யார் என்று வினவும் இரவலனுக்கு, பேகனைக் காணுமுன் தாங்கள் அவனினும் எளிய நிலையில் இருந்ததாகவும், இப்போது இவ்வாறு ஆனதாகவும் விடை கிடைக்கிறது. அறிவுரைக்கு முன்னர் ஒப்புதல் வருகிறது. பொருநராற்றுப்படையில் ஈரும் பேனும் குடியேறி, வியர்வையில் நனைந்து, வேற்று நூல் நுழைந்து தைக்கப்பட்ட கந்தலை அணிந்திருந்ததைப் பொருநன் தானே விவரிக்கிறான். கரிகாலன் உபசரித்த பின்னும், இது கனவோ என்று தன் நெஞ்சு மருண்டதைச் சொல்கிறான். கிடைத்தபின்னும் ‘இது எனக்குரியதுதானா’ என்று தயங்கும் ஐயத்தை அதே தொழில் செய்யும் இன்னொருவனிடம் அவனால் மறைக்காமல் சொல்ல முடிந்தது.

மலைபடுகடாம் இத்தோழமையின் நடைமுறைப் பக்கத்தைக் காட்டுகிறது. பன்றிக்கு வைத்த பொறிகள் உள்ள வழியை இருளில் கடக்கவேண்டாம் என்றும், தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல்லுக்கு மரங்களை மறைவாகக் கொண்டு செல்லுமாறும் கூத்தன் எச்சரிக்கிறான். 583 அடிகள் கொண்ட இப்பாட்டில் வழியின் இடர்களும் தங்குமிடங்களும் பெரும்பகுதியை நிறைக்கின்றன. தேறுதல் மொழியைவிட, எந்த இடத்தில் கால் வழுக்கும் என்று சொல்வது தொழில் தோழர்க்கு அதிகம் பயன்படும்.

தொழில் தோழமையின் எல்லை

இங்கு ஒரு மறுப்பு எழக்கூடும். ஆற்றுப்படை பாணர் வாய்மொழியாகப் புலவர் இயற்றியது. புரவலனைப் புகழ்வதே அதன் நோக்கம். ஆகவே அதில் காணும் தோழமை வெறும் புகழ்க்கருவி என்பது அம்மறுப்பு. அதில் உண்மை உண்டு. ஆயினும், புகழ் நம்பத்தக்கதாக அமைய முன்னாள் வறுமையை ஒப்புக்கொள்ளும் ஒரு தொழில் தோழன் தேவைப்பட்டான் என்பதும் உண்மை. ஒத்தவர் சொல்லுக்கு அக்காலத்தில் இருந்த மதிப்பையே அத்தேவை காட்டுகிறது.

மறுப்பைவிடக் கடினமான சிக்கல் வேறொன்று. ஆற்றுப்படையில் பேசுபவர் எப்போதும் பெற்றவர். அவருடைய துன்பம் முடிந்துவிட்டது. ஔவையார் புலவர்களையே விளித்துப் பேசும் பாடலில்கூட (புறம். 140), கீரைமேல் தூவச் சிறிது அரிசி கேட்டதற்கு நாஞ்சில் பொருநன் யானையைக் கொடுத்தான், அவன் பேதை என்று நகைச்சுவையாகப் பேசுகிறார். சக புலவரிடம் போய்ச்சேர்வது மிகுதியாகக் கிடைத்த கதைதான். பெருஞ்சித்திரனார் குமணனிடம் யானை பெற்றபின், அதை இளவெளிமானின் காவல்மரத்தில் கட்டி, இரவலரும் உண்டு, ஈவோரும் உண்டு, காண் என்று அவனிடமே சொல்கிறார் (புறம். 162). பெற்ற வளத்தை உறவினர்க்கும் கடன் தந்தோர்க்கும் தன்னையும் கேளாமல் கொடு என்று மனைவியிடம் சொல்கிறார் (புறம். 163). மறுக்கப்பட்ட நாளிலோ அவருக்குத் துணையாக இருந்தது அவருடைய நெஞ்சு மட்டும்.

பரிசில் கிடைக்காத இருவர் தம்முள் பேசிக்கொள்வதை இலக்கணம் தனித் துறையாக வகுக்கவில்லை. இங்கு எடுத்துக்கொண்ட பாடல்களிலும் அது இல்லை. இதற்கு வரிசை என்னும் கருத்தே காரணம் எனலாம். பரிசில் தகுதியின் அளவுகோலாக இருக்கும்போது, கிடைக்கவில்லை என்று சக புலவரிடம் சொல்வது தன் தகுதியைத் தானே குறைத்துக் கூறுவதாகிவிடும். புரவலனிடம் சொன்னால் பழி அவனைச் சேரும். நெஞ்சிடம் சொன்னால் வெளியே செல்லாது. போட்டியிடும் ஒத்தவரிடம் சொன்னால் பழி தன்மேல் தங்கும்.

இவ்வமைதியைக் குறைத்து மதிப்பிடாமல் இருக்கக் கோவூர் கிழாரின் பாடல் (புறம். 47) உதவுகிறது. நலங்கிள்ளியிடமிருந்து உறையூர் புகுந்த இளந்தத்தன் என்னும் புலவனை ஒற்றன் எனக் கருதி நெடுங்கிள்ளி கொல்லப்புக்கபோது பாடியது இது என்பது கொளு. பறவைபோல் நெடுவழி கடந்து, பெற்றதில் மகிழ்ந்து, சுற்றத்தை ஊட்டி, சேர்த்துவையாமல் கொடுத்து, வரிசைக்காகவே வருந்தும் இவ்வாழ்க்கை பிறருக்குத் தீங்கு செய்யுமோ என்று அவர் கேட்கிறார். தொழிலின் மொத்த வருத்தத்தையும் சக தொழிலாளனுக்காக ஒருவர் பேசும் இடம் இது. தோழமை இல்லாமல் இல்லை. ஒத்தவர் தம் தளர்ச்சியைத் தமக்குள் பேசிக்கொள்ளும் துறைதான் இல்லை.

காணா நட்பு

இவ்விடைவெளியை ஒட்டிப் பிசிராந்தையார், கோப்பெருஞ்சோழன் நட்பை நோக்கலாம். கேள்விப்பட்டதன்றி ஒருபோதும் கண்டதில்லையே, வருவாரா என்று பிறர் ஐயுற்றபோது, வடக்கிருந்த சோழன் அவர் வருவார் என்று உறுதி கூறி, அவருக்கும் இடம் ஒழிக்கச் சொல்கிறான், தன் பெயர் சொல்லும்போதும் சோழன் பெயரையே சொல்பவர் என்று காரணமும் காட்டுகிறான் (புறம். 216). ஆள்பவனும் புலவனுமாயினும் அங்குப் பரிசில் இல்லை, வரிசை அளக்கும் தேவையும் இல்லை. ஆகவேதான் தளர்ந்த நாளிலும் தேடக்கூடிய நட்பாக அது நின்றது.

ஆண்டு பலவாகியும் நரை ஏன் இல்லை என்ற வினாவுக்கு ஆந்தையார் கூறும் விடையில் (புறம். 191), மாண்ட மனைவியும் நிரம்பிய மக்களும் சொல்லப்பட்டபின், தாம் எண்ணியதையே எண்ணும் ஏவலரும், முறையல்லாதவை செய்யாமல் காக்கும் வேந்தனும், ஊரில் வாழும் சான்றோரும் இடம்பெறுகின்றனர். உடன் பணிபுரிபவரின் ஒத்த உள்ளத்தையும், மேலுள்ளவரின் முறையையும், பேசத்தக்க மனிதர் அருகிருப்பதையும் நரைக்கு மருந்தாகக் கண்ட அப்புலவர், அம்மூன்றும் இல்லாத இடத்தில் நரை எதனால் வருகிறது என்பதையும் உணர்த்திவிடுகிறார்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, தொழில் மனக்குறை புரவலனிடம் வாதமாகவும், காவலனிடம் சினமாகவும், நெஞ்சிடம் தேறுதலாகவோ துணிவாகவோ, வழித்துணையிடம் அனுபவ அறிவாகவும் வடிவம் கொள்கிறது. ஆகவே, ஒரே பாடலைக் கொண்டு ஒரு புலவரை வறியவர் என்றோ பெருமிதம் மிக்கவர் என்றோ முடிவுகட்ட இயலாது. இரண்டாவது, தன்மீதான ஐயம் இப்பாடல்களில் ஒளிந்தே இருப்பினும் அது பெருமிதத்தின் எதிர்ச்சொல்லாக இல்லை. அதன் உள்ளுறையாக இருக்கிறது. மூன்றாவது, தீராத குறையைத் தீராத நிலையிலேயே ஒத்தவரிடம் சொல்வதற்கு இம்மரபில் துறை அமையவில்லை.

இம்மூன்றாவது கருத்து, இக்கால எழுத்தை வாசிப்போர்க்கும் பயன்படும். தற்காலிகப் பணியிலுள்ள விரிவுரையாளரும், இரவுப் பணி முடித்த மென்பொருள் ஊழியரும், வங்கி முகப்பில் நாள்முழுதும் நின்றவரும், நேரில் பாராத நண்பரிடம் தம் நாளின் சலிப்பைக் கைப்பேசியில் எழுதுகிறார்கள். மறுமுனையில் இருப்பவருக்கும் அதே சலிப்பு. இருவருள் ஒருவரும் இன்னும் பரிசில் பெறவில்லை. இத்தகைய பேச்சைப் புலம்பல் என்று தள்ளும் திறனாய்வு, பழைய துறைப்பட்டியலைக் கொண்டு புதிய பேச்சை அளக்கிறது. சங்க மரபு நெஞ்சுக்குத் தந்த இடத்தை இங்கு இன்னொரு மனிதர் ஏற்கிறார். அப்பேச்சை இலக்கிய ஆய்வு தனித் துறையாக வகுத்துப் படிக்கவேண்டிய தேவை எழுந்துள்ளது.